சுண்ணாம்புக்கல் குன்றுகளும் நீர்த்தேக்கமும்: எளிதான நடைப்பாதைகளுக்கு முழுமையான வழிகாட்டி

பாதை தொடங்கும் இடத்தில் 'எளிது' என்று பலகை வைத்திருந்தால், அது உங்கள் மூச்சைக் கணக்கில் வைத்து எழுதியது. ஏற்றம் குறைவு, தூரம் குறைவு, ஆகவே எளிது. மற்ற மலைகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். சுண்ணாம்புக்கல் குன்றுகளில் பாதை எளிதா கடினமா என்பதைக் காலடியில் இருக்கும் கல்தான் தீர்மானிக்கிறது. காய்ந்திருந்தால் காலணியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பாறை இது. நனைந்துவிட்டால், அதுவும் ஆயிரம் பேர் நடந்து தேய்ந்த இடமாக இருந்தால், சோப்புத் தண்ணீர் கொட்டிய தரைதான்.

இப்படிப்பட்ட குன்றுகளுக்கு முதன்முறை நடப்பவர்களையும் சிறு பிள்ளைகளையும் பல வருடமாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டில் உட்கார்ந்து பாதையைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து திரும்பிவந்து காலணி கழுவுவது வரை, செய்யவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: கல்லையும் தண்ணீரையும் தெரிந்துகொள்ளுங்கள்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கல்லையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆயிரக்கணக்கான வருடங்களில் வெடிப்பு பிளவாகி, பிளவு குழியாகி, குழி குகையாகிறது. இப்படி உருவான நிலத்துக்குக் 'கார்ஸ்ட்' என்று பெயர். ஸ்லோவேனியாவிலும் இத்தாலியிலும் பரவிக்கிடக்கும் கிராஸ் பீடபூமியிலிருந்து வந்த சொல்.

நடப்பவருக்கு இதனால் என்ன? மேலே பெய்யும் தண்ணீர் மேலே தங்காது. பச்சைப்பசேலென்று இருக்கும் குன்றில் மணிக்கணக்கில் நடந்தாலும் ஓர் ஓடையைக் கூடப் பார்க்கமாட்டீர்கள். ஓடை இருந்தாலும் திடீரென்று ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போகும். வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மால்ஹாம் டார்ன் என்ற ஏரியிலிருந்து கிளம்பும் ஓடை கொஞ்ச தூரத்திலேயே நிலத்துக்குள் போய்விடுகிறது. அதற்கு நேர் கீழே சுமார் 80 மீட்டர் உயரத்தில் மால்ஹாம் கோவ் என்ற செங்குத்துப் பாறை நிற்கிறது; அதன் அடியிலும் ஒரு நீரோடை வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏரித் தண்ணீரின் பெரும்பகுதி இன்னும் தெற்கே, ஊரையும் தாண்டிப்போய் வெளிவருகிறது. கண்ணால் பார்த்து ஊகிக்கக்கூடிய விஷயம் அல்ல இங்கே தண்ணீர்.

அப்படியானால் இந்த மண்ணில் நீர்த்தேக்கம் எப்படி நிற்கிறது? பல இடங்களில் தேக்கம் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருப்பதே இல்லை. பக்கத்திலேயே களிமண்பாறை அடித்தளமாக உள்ள பள்ளத்தாக்கில் தண்ணீர் நிற்கும். அதைப் பார்த்தபடி சுண்ணாம்புக் குன்றுகள் எழும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1992-ல் திறக்கப்பட்ட கார்சிங்டன் வாட்டர் இப்படித்தான். இதைக் கவனிக்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் ஸ்பெயினின் மோன்டெஹாகே அணை சாட்சி. 1920-களில் கட்டி முடித்தார்கள். தண்ணீர் குகைகள் வழியாகக் கசிந்துகொண்டே போனதால் அணை ஒருநாளும் வேலைக்கு ஆகவில்லை. வெறும் சுவர் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் நிற்கிறது.

இரண்டாம் படி: எந்தப் பாதை?

நீர்த்தேக்கமும் சுண்ணாம்புக் குன்றும் சேர்ந்த இடங்களில் பொதுவாக மூன்று வகைப் பாதைகள் கிடைக்கும்.

கரையோரப் பாதை ஏறக்குறைய சமதளம். தண்ணீர் ஒரு பக்கம் இருந்துகொண்டே இருப்பதால் திசை தவறாது. பெரும்பாலும் களிமண்ணும் சரளையும்தான், சுண்ணாம்புக்கல் அதிகம் வராது. முதல் நாளுக்கு இதுவே போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை; குன்றில் ஏறாமல் திரும்பினால் அந்த இடத்தின் பாதியைப் பார்க்காமல் வருகிறீர்கள்.

இரண்டாவது, உலர் பள்ளத்தாக்கு. ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம். இப்போது தண்ணீர் நிலத்தடிக்குப் போய்விட்டதால் தரை காய்ந்து, புல் வளர்ந்து, இருபுறமும் பாறைச்சுவர் நிற்கும். சரிவு மெதுவாக இருக்கும், நிழல் இருக்கும். மழை வராத நாளில் இதைவிட இனிமையான ஏற்றம் கிடையாது.

மூன்றாவது, மேட்டுத்தளம் அல்லது முகட்டுப் பாதை. மேலே போனதும் தேக்கம் முழுவதும் தெரியும். ஆனால் பிளவுபட்ட கல்தளங்களும் குழிகளும் இங்கேதான்.

என் பரிந்துரை: உலர் பள்ளத்தாக்கு வழியாக ஏறி, மேட்டுத்தளத்தில் கொஞ்ச தூரம் நடந்து, அகலமான பாதை ஒன்றில் இறங்கி, கரையோரமாகத் தொடங்கிய இடத்துக்கே வாருங்கள். மொத்தம் 5 முதல் 8 கிலோமீட்டர், ஏற்றம் 250 மீட்டருக்குள். கரையோரத்தைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. கால் தளர்ந்த நேரத்தில் சமதளம் இருக்கவேண்டும்.

பழைய ரயில் பாதையோ வண்டிப்பாதையோ நடைபாதையாக மாறியிருந்தால் அதை விடாதீர்கள். ரயில் ஓடிய தடம் என்றால் பெரும்பகுதி மெல்லிய சரிவாகத்தான் இருக்கும். கார்சிங்டனுக்கு வடக்கே சுண்ணாம்பு மேட்டில் போகும் ஹை பீக் டிரெயில் அப்படிப்பட்டதுதான். 1830-களில் திறந்து 1967-ல் மூடப்பட்ட ரயில் தடத்தில் இன்று குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்த சில செங்குத்தான துண்டுகள் மட்டும் விதிவிலக்கு.

மூன்றாம் படி: வரைபடத்தில் குழிகளைத் தேடுங்கள்

1:25,000 அளவு வரைபடம் நல்லது. அதில் 4 சென்டிமீட்டர் நிலத்தில் 1 கிலோமீட்டர். சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதளம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சுண்ணாம்பு நிலத்தில் கூடுதலாக மூன்றைப் பாருங்கள். மூடிய வட்டமாக வந்து உட்பக்கம் சிறு கோடுகள் போட்டிருந்தால் அது மேடு இல்லை, பள்ளம். ஓடையைக் காட்டும் நீலக்கோடு நடுவிலேயே நின்றுவிட்டால் அங்கே தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது. கிட்டே போகும்போது கவனம். நீலக்கோடு திடீரென்று ஒரு பாறையடியில் தொடங்கினால் அது ஊற்று.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் உயரமான பாறைச்சுவர்களுக்கு நடுவே அது காட்டும் இடம் பல மீட்டர் தள்ளிப் போகலாம். அதனால் விளிம்பு எங்கே என்று போனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் படி: நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 6 கிலோமீட்டர் தூரமும் 240 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் 72 நிமிடமும் 24 நிமிடமும் சேர்ந்து 96 நிமிடம். இது நல்ல நடைக்காரருக்கு, நிற்காமல் நடந்தால். புதியவர்கள், பிள்ளைகள் என்றால் ஒன்றரையால் பெருக்குங்கள், 144 நிமிடம். கல்தளம் இருந்தால் அரை மணி சேருங்கள். ஆக மூன்று மணி நேரம். இருட்டுவதற்கு இரண்டு மணி முன்னால் முடிகிற மாதிரி கிளம்பும் நேரத்தை வையுங்கள்.

ஐந்தாம் படி: காலில் என்ன, பையில் என்ன

காலணியின் அடி மென்மையான ரப்பராக இருக்கட்டும். கடினமான பிளாஸ்டிக் அடி எவ்வளவு ஆழமான வெட்டு வைத்திருந்தாலும் வழவழப்பான கல்லில் நிற்காது. தேய்ந்த ஓட்டக் காலணியை இன்னும் ஒரு முறை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த ஒரு முறை இங்கே வேண்டாம். கைத்தடி கொண்டுபோனால் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். உலோக நுனி கல்லில் சறுக்கும், கீறலும் விழும்.

தண்ணீர்தான் முக்கியம். மேலே கிடைக்காது என்பதை மேலேயே சொன்னேன். மணிக்கு அரை லிட்டர், வெயில் என்றால் ஒரு லிட்டர் வரை. அடிவாரத்தில் ஊற்று பளிங்குபோல ஓடினாலும் அப்படியே குடிக்கக்கூடாது. மணல் வழியாக மெல்ல வடிந்துவரும் தண்ணீர் இல்லை அது. மேட்டில் மாடு மேய்ந்த இடத்தின் மழைநீர், குழாய் போன்ற பிளவுகளின் வழியே வடிகட்டப்படாமல் சில மணி நேரத்தில்கூட வந்து சேரலாம். குடித்தே ஆகவேண்டும் என்றால் கொதிநிலைக்கு வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம்.

வெளிறிய கல் வெயிலை மேல்நோக்கித் திருப்பி அனுப்பும், பக்கத்தில் தேக்கத் தண்ணீரும் அதையே செய்யும். தொப்பி மட்டும் போதாது. தாடைக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும் களிம்பு தடவுங்கள். அப்புறம் சிறிய முதலுதவிப் பை, கணுக்கால் சுற்றும் துணி, டார்ச், விசில், மழைச்சட்டை. அவ்வளவுதான்.

ஆறாம் படி: கல்லின் மேல் நடப்பது

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கப்போகிறேன், ஏனென்றால் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை இங்கே நடந்தவை.

சுண்ணாம்புக்கல் மென்மையானது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதன் முக்கியக் கனிமமான கால்சைட்டின் எண் 3, குவார்ட்ஸ் 7. காலணியில் ஒட்டிய மணல் கல்லைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிடும். ஒருமுறை இறக்கத்தில் கல் படிக்கட்டு ஒன்றின் முன் நின்றேன். படியின் நடுப்பகுதி வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று, மேலே போகும் மேகம் தெரிகிற அளவுக்கு மின்னியது. இரு ஓரங்களிலும் கல் சாம்பல் நிறமாக, சொரசொரவென்று, பூஞ்சைப் படலம் புள்ளிபுள்ளியாகப் படிந்து இருந்தது. நடுவில் கால் வைத்த என் நண்பர் அடுத்த நொடி உட்கார்ந்த நிலையில் நான்கு படி கீழே இருந்தார். மழை பெய்யவில்லை, காலைப் பனி மட்டும்தான். பளபளப்பான இடத்தைத் தவிர்த்து மங்கலான கல்லில் கால் வைப்பது, இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆபத்து போயிற்று. ஆனால் அந்த ஓரத்திலும் பச்சைப் பாசி இருந்தால் ஈரத்தில் வழுக்கும்.

இறங்கும்போது அடி சிறிதாக, பாதம் முழுவதும் கல்லில் படியும்படி வையுங்கள். குதிகாலை மட்டும் ஊன்றுபவர்கள்தான் விழுகிறார்கள். கை சட்டைப்பையில் இருக்கக்கூடாது. சரிவு பயமுறுத்தினால் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் உட்கார்ந்து நகருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கல் கரைந்தபின் எஞ்சும் களிமண் செம்மண்ணாகப் பிளவுகளில் தங்கும். ஈரமானால் காலணி அடியில் அப்பிக்கொண்டு வெட்டுகளை அடைத்துவிடும். அதே காலணியோடு பாறையில் ஏறினால் காலணியில் பிடிப்பே இருக்காது. ஏறும் முன் அடியைக் கல் விளிம்பில் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

மேட்டுத்தளத்தில் கல் பாளம்பாளமாக வெடித்து, நடுவே கை நுழையும் அகலத்தில் பிளவுகள் ஓடும். சில முழங்கால் ஆழம், சில ஆள் ஆழத்துக்கும் மேல். புல் மூடியிருந்தால் தெரியாது. பாளத்தின் நடுவிலிருந்து அடுத்த பாளத்தின் நடுவுக்குக் கால் வையுங்கள், விளிம்பில் வேண்டாம். எடையை மாற்றும் முன் கல் ஆடுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். தடி பிளவில் சிக்கினால் அது உங்களையும் இழுக்கும். குழந்தைகள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், ஓடக்கூடாது.

ஆனால் அந்தப் பிளவுகளைப் பார்த்துப் பயந்துவிட்டுப் போய்விடாதீர்கள். உட்கார்ந்து ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். மேலே வெயிலும் காற்றும் அடிக்க, உள்ளே ஈரமும் நிழலுமாக ஒரு குட்டிக் காடு இருக்கும். பெரணிகள், பாசி, நத்தைகள். ஓடு கட்டக் கால்சியம் வேண்டும் என்பதால் சுண்ணாம்பு நிலத்தில் நத்தைகள் ஏராளம். என்னோடு வந்த ஏழு வயதுச் சிறுமி ஒரே பிளவில் பதினொரு நத்தை எண்ணினாள், அதற்கப்புறம் அவளை நடக்கவைக்கத்தான் சிரமமாக இருந்தது. கல்லிலேயே வட்ட வட்டமாகச் சிறு தகடுகள், சிப்பி வளைவுகள் பதிந்திருக்கலாம். பழைய கடலடியில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் அவை. இந்தக் குன்றே பெரும்பாலும் அவற்றால் ஆனது. தடவிப் பாருங்கள், பெயர்த்து எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: குழிகளும் குகை வாய்களும்

புனல் வடிவப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கவேண்டாம், மண் உள்ளே சரியக்கூடியது. குகை வாயில் குளிர்ந்த காற்று வீசினால் நின்று அனுபவியுங்கள். வழிகாட்டியும் தலைக்கவசமும் விளக்குகளும் இல்லாமல் வெளிச்சம் எட்டும் தூரத்தைத் தாண்டாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, வானம் தெளிவாக இருக்கும்போதே குகைக்குள் வெள்ளமாக வரலாம். தொங்கும் கல் விழுதுகளைத் தொடவேண்டாம். அவை வளர்வது வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற வேகத்தில்; கை எண்ணெய் பட்ட இடத்தில் வளர்ச்சி நின்றுபோகும். வௌவால்கள் இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள்.

எட்டாம் படி: தேக்கத்தின் கரையில்

நீர்த்தேக்கத்தின் மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பருவத்துக்குப் பருவம் கரை வேறு இடத்தில் இருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது வரைபடத்தில் உள்ள பாதை மூழ்கியிருக்கலாம். குறைந்திருக்கும்போது செடி முளைக்காத ஒரு வெளிறிய பட்டை கரையைச் சுற்றித் தெரியும். முழு மட்டம் எதுவரை என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தப் பட்டைக்குள் இறங்கிக் குறுக்கு வழி போக ஆசை வரும். மேலே பாளம்பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும் சேறு, அடியில் கூழாக இருக்கும். நானே ஒருமுறை பத்து அடி தூரத்தை மிச்சப்படுத்தப் போய் முழங்கால்வரை இறங்கினேன். சிக்கிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்காமல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, உடம்பின் எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி எடுங்கள்.

மட்டம் வேகமாக இறங்கிய நாட்களில் கரைச் சரிவுகள் நீர் ஊறிக் கனத்திருக்கும், தாங்கிப்பிடிக்கத் தண்ணீர் இருக்காது. அப்போதுதான் சரியும். சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் படலம் இருந்தால் இன்னும் மோசம். இத்தாலியின் வயோன்ட் தேக்கத்தில் 1963 அக்டோபர் 9 இரவு ஒரு மலைச்சரிவே இப்படிப்பட்ட அடுக்குகளின் மேல் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய் சுமார் 2,000 பேரைக் கொன்றது. நடைப்பாதையில் அவ்வளவு பெரிதாக எதுவும் எதிர்பார்க்கவேண்டியதில்லை. ஆனால் 'கரை மூடப்பட்டுள்ளது' என்ற பலகையைத் தாண்டாதீர்கள்.

நீந்துவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மூழ்கிய பள்ளத்தாக்கு என்பதால் கரையிலிருந்து இரண்டடி போனதும் ஆழம், அடியில் கடுங்குளிர். மதகுக்கும் உபரிநீர் வழிக்கும் பக்கத்திலோ, அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையிலோ உட்காரவேண்டாம். தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சைரன் கேட்டால் பையைக்கூடப் பார்க்காமல் மேலே ஏறுங்கள்.

ஒன்பதாம் படி: மழை வந்தால், வழி தவறினால்

மழை தொடங்கினால் முதலில் உலர் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறுங்கள். நிலத்தடிக் குழாய்கள் நிரம்பியபின் தண்ணீர் தன் பழைய தடத்துக்கே திரும்பும். 2015 டிசம்பரில் பெருமழைக்குப் பிறகு, முன்னே சொன்ன மால்ஹாம் கோவ் உச்சியிலிருந்து அருவி கொட்டியது. யார் நினைவிலும் இல்லாத காட்சி அது. பாறைச்சுவரை ஒட்டியும் ஒதுங்கவேண்டாம், கற்கள் உதிரும். மேட்டுத்தளத்தில் இருந்தால் மெதுவாக, பளபளப்பான கல்லைத் தவிர்த்து, புல்வழியாக இறங்குங்கள்.

வழி தவறினால் ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே போ என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சுண்ணாம்புக் குன்றில் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். ஓடை ஒரு குழியில் முடியும், அல்லது பள்ளத்தாக்கே நாலாபுறமும் மூடியிருக்கும், அல்லது செங்குத்துப் பாறை விளிம்பில் போய் நிற்பீர்கள். நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி நடங்கள். அது முடியாவிட்டால் தேக்கம் கண்ணில் படும் மேடான இடத்துக்கு வாருங்கள். நேர்கோடாகத் தெரியும் ஒரே விளிம்பு அணைச் சுவர்தான். அதை வரைபடத்தோடு பொருத்திவிட்டால் திசை கிடைத்துவிடும். கிளம்பும்போதே அணை எந்தத் திக்கில் இருக்கிறது என்று குழுவில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், பிள்ளைகளிடமும். உதவி தேவைப்பட்டால் விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை.

பத்தாம் படி: திரும்பி வந்தபின்

காலணி அடியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். களைகளின் விதைகளும் பூஞ்சை வித்துகளும் காலணியில் ஒட்டி இன்னொரு குன்றுக்குப் போகும். வட அமெரிக்காவில் 2006-ல் முதலில் தென்பட்டு லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சை, மனிதர்களின் காலணிகளிலும் கருவிகளிலும் ஒட்டிப் பரவக்கூடியது. அதனால் குகை வாயில் நின்ற காலணியைக் கழுவாமல் வேறு குகைப் பகுதிக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் வரைபடத்தின் ஓரத்தில் தேதியையும் தேக்கத்தின் மட்டத்தையும் எந்தப் பாதைத் துண்டு வழுக்கியது என்பதையும் பென்சிலால் குறித்துவையுங்கள். அடுத்த பருவத்தில் அதே பாதைக்குப் போகும்போது வரைபடம் அச்சடித்தவருக்குத் தெரியாதது உங்களிடம் இருக்கும்.